கையிருப்பு 2 மில்லிகிராம் சப்ஸ்ட்ரேட்: கேஎம், கேஐ இரண்டையும் நம்பகமாக அளக்கச் சோதனையை எப்படி வடிவமைப்பது?

ஹெப்பாள்_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த, புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் நொதியின் கேஎம் (உச்சவேகத்தில் பாதி வேகம் தரும் சப்ஸ்ட்ரேட் செறிவு), உச்சவேகம் ஆகியவற்றையும், அந்த நொதியைத் தடுக்கும் ஒரு சிறு மூலக்கூறின் கேஐ மதிப்பையும் (தடுப்பான் நொதியோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதன் அளவு) அளக்க வேண்டியிருக்கிறது. நான் பயன்படுத்தும் சப்ஸ்ட்ரேட் (நொதி வினைபுரியும் பொருள்), நொதி வெட்டியதும் ஏஎம்சி என்னும் ஒளிரும் மூலக்கூறை விடுவிக்கிற ஒரு பெப்டைடு. வெளிநாட்டில் சொல்லிச் செய்து வாங்கியது. மற்ற வேலைகளுக்குப் போக, இப்போது கையில் இருப்பது 2 மில்லிகிராம்தான். மூலக்கூறு எடை ஏறத்தாழ 700 என்பதால் இது 2.86 மைக்ரோமோல் ஆகிறது. சோதனைத் தட்டின் 100 மைக்ரோலிட்டர் குழிகளில் 300 மைக்ரோமோலார் செறிவில் ஊற்றினால் 95 குழிகளோடு தீர்ந்துவிடும். அடுத்த குப்பி வர வேண்டுமானால் கொள்முதல் கோப்பு நகர வேண்டும். அது நகரும் வேகத்துக்கு மாறிலி எதுவும் கிடையாது.

எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் இது: 25 முதல் 300 மைக்ரோமோலார் வரை சம இடைவெளியில் 12 செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குழிகள், பிறகு தடுப்பானின் நான்கு செறிவுகளில் அதையே திரும்பச் செய்வது, கடைசியில் தலைகீழ் மதிப்புகளை வரைந்து கோடு இழுப்பது. கூட்டிப் பார்த்தால் 180 குழிகளும் 2.93 மைக்ரோமோல் சப்ஸ்ட்ரேட்டும் தேவைப்படுகின்றன. கையிருப்பு அதற்கே போதாது. மறுசோதனையைப் பற்றிப் பேசவே இடமில்லை.

முன்னோட்டமாகப் பார்த்ததில் கேஎம் 80 மைக்ரோமோலார் பக்கமும், கேஐ 5 மைக்ரோமோலார் பக்கமும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டுமே ஊகங்கள்தாம். 300க்கு மேல் போனால் பெப்டைடு கலங்கிவிடுகிறது, ஒளிர்வு அளவீடும் நேர்க்கோட்டிலிருந்து விலகுகிறது. குறைவான செறிவுகளை வைத்துக்கொண்டு இந்த மூன்று அளவுருக்களையும் மதிப்பிட முறையான வழி உண்டா? உண்டென்றால், "ஏன் இத்தனை குறைவான செறிவுகள்?" என்று கேட்கும் மதிப்பீட்டாளருக்கு என்ன பதில் சொல்வது?

எண்ணும்எழுத்தும்:

முறையான வழி உண்டு, புதியதும் அல்ல. நேரியல் அல்லாத மாதிரிகளுக்குச் சோதனைப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பாக்ஸும் லூகாஸும் 1959லேயே எழுதிவிட்டார்கள். அதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. ஒவ்வொரு செறிவிலும், அளவுருவைச் சற்றே மாற்றினால் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை வகைக்கெழுவாக எழுதுங்கள். அந்த வகைக்கெழுக்களிலிருந்து கிடைப்பது ஃபிஷர் தகவல் அணி. சாய்வில்லாத எந்த மதிப்பீட்டு முறையைக் கையாண்டாலும் அளவுருவின் சிதறலை ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதையும், அந்த எல்லை இந்த அணியின் நேர்மாறில் அடங்கியிருக்கிறது என்பதையும் நிறுவியவர்களுள் ஒருவர் சி.ஆர். ராவ். இன்றைய கர்நாடகத்தின் ஹூவின ஹடகலியில் 1920இல் பிறந்தவர். அந்தக் கட்டுரை 1945இல் வெளிவந்தது. ஆக, உங்கள் கேள்விக்குப் பாதி விடை உள்ளூர்க்காரருடையது என்றே சொல்லலாம்.

இந்த அணியின் அணிக்கோவையைப் பெரிதாக்குகிற செறிவுகளைத் தேடுவதை டி-உகப்பு என்பார்கள். நொதியின் வேகத்தைச் சப்ஸ்ட்ரேட் செறிவோடு இணைக்கும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டுக்கு, அளவீட்டுப் பிழை எல்லாச் செறிவிலும் ஒரே அளவாக இருக்கும் என்று கொண்டால், விடை இரண்டே புள்ளிகள்: ஒன்று, நீங்கள் போகக்கூடிய மிக உயர்ந்த செறிவு, மற்றொன்று, அந்த உயர்ந்த செறிவில் கிடைக்கும் வேகத்தில் சரிபாதி வேகம் தருகிற செறிவு. குழிகளை இரண்டுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். கேஎம் 80, உச்சச் செறிவு 300 என்றால், இரண்டாவது புள்ளி 80ஐ 300ஆல் பெருக்கி 460ஆல் வகுத்தால் வருவது, அதாவது 52 மைக்ரோமோலார்.

உங்கள் ஆய்வகத்தின் சம இடைவெளி வடிவமைப்பை இதனோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டேன். அதன் டி-திறன் (உகப்பு வடிவமைப்போடு ஒப்பிட்டால் ஒரு குழிக்குக் கிடைக்கும் தகவலின் பங்கு) 72 விழுக்காடு வருகிறது. 36 குழிகளில் நீங்கள் பெறுகிற தகவலை 26 குழிகளிலேயே பெற்றுவிடலாம் என்பது இதன் பொருள். காரணம் கண்ணுக்குத் தெரிவதுதான்: சம இடைவெளியில் வைக்கும்போது 150க்கு மேலேயே ஆறு செறிவுகள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கே வளைவு ஏறத்தாழத் தட்டையாகிவிட்டதால், அந்த ஆறும் ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

கேஎம் தெரியாமல்தானே சோதனையே செய்கிறோம், அதை வைத்தே புள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஊகம் தவறினால் வரும் இழப்பு பலர் அஞ்சுகிற அளவுக்குப் பெரிதல்ல. 80 என்று எண்ணி 52இல் புள்ளி வைத்துவிட்டீர்கள், உண்மையான கேஎம் 240 என்று கொள்ளுங்கள். அப்போதும் திறன் 87 விழுக்காடு. உண்மை 27ஆக இருந்தால் 81 விழுக்காடு. மூன்று மடங்கு பிசகினாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவே வீணாகிறது. உச்சச் செறிவைக் குறைப்பதுதான் உண்மையில் ஆபத்தானது. கேஎம் 240ஆக இருக்கும்போது 100 மைக்ரோமோலாருக்கு மேல் போகாமல் நின்றுவிட்டால், வேகம் செறிவோடு நேர்விகிதத்தில் ஏறுவது மட்டுமே தெரியும். உச்சவேகத்துக்கும் கேஎம்முக்கும் உள்ள விகிதம் நன்றாகக் கிடைக்கும், தனித்தனியாக இரண்டும் கிடைக்கா.

தலைகீழ் வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லைன்வீவரும் பர்க்கும் 1934இல் அதை முன்வைத்தபோது கையில் கணினி இல்லை. வேகத்தைத் தலைகீழாக்கினால் பிழையும் உருமாறுகிறது: உங்கள் எண்களில், 25 மைக்ரோமோலாரில் உள்ள பிழை 300இல் உள்ளதைப் போல 11 மடங்கு பெருகிக் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். படம் போட்டுக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டை நேரடியாக நேரியல் அல்லாத பொருத்தத்தால் செய்யுங்கள்.

பொம்மசந்திராக்காரர்:

மேலே சொன்ன கணக்கில் குறையில்லை. ஆனால் அது விடையளிக்கும் கேள்வி "குழி எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது என்ன செய்வது" என்பது. இவருக்குக் குறைவாக இருப்பது குழி அல்ல, சப்ஸ்ட்ரேட். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடை மாறிவிடும். மருந்து நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாக நொதிச் சோதனைகளை வடிவமைத்துவருகிறேன். முதலில் கேட்க வேண்டியது எது அருமையான பொருள் என்பதுதான். பலர் அதைக் கேட்காமலே மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு புள்ளி வடிவமைப்பில் ஒரு குழிக்குச் சராசரிச் செறிவு 176 மைக்ரோமோலார். சம இடைவெளியில் அது 162.5. ஆக, குழிகளில் 28 விழுக்காடு மிச்சமானாலும் சப்ஸ்ட்ரேட்டில் மிச்சம் 22 விழுக்காடுதான். இப்போது 300இலிருந்து தொடங்கிப் பாதி பாதியாக எட்டுச் செறிவுகள் இறங்கும் சாதாரணத் தொடர் நீர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்குக் குழி ஒப்பிட்டால் அதன் டி-திறன் 50 விழுக்காடுதான். ஆனால் சராசரிச் செறிவு 75 மைக்ரோமோலார்தான் என்பதால், செலவாகும் ஒவ்வொரு நானோமோலுக்கும் கிடைக்கும் தகவலில் அது உகப்பு வடிவமைப்பையே முந்திவிடுகிறது.

இன்னும் மேலான வழி, இரண்டு புள்ளிகளையே வைத்துக்கொண்டு, குழிகளைச் சமமாகப் பிரிக்காமல் சப்ஸ்ட்ரேட்டைச் சமமாகப் பிரிப்பது. 300இல் ஒரு குழிக்கு, 52இல் ஏறத்தாழ ஆறு குழிகள். கணக்குப்படி நானோமோலுக்குக் கிடைக்கும் தகவல் 40 விழுக்காடு கூடுகிறது. கணிதத்தை அதன் போக்கில் விட்டால் கீழ்ப்புள்ளி 20 மைக்ரோமோலார் பக்கம் இறங்கிவிடும். அங்கே ஒளிர்வு பின்னணி இரைச்சலோடு கலந்துவிடும் என்பதால் அந்த அளவுக்கு நான் போக மாட்டேன்.

அடுத்தது பிழையின் தன்மை. பிழை எல்லாச் செறிவிலும் ஒரே அளவு என்பது ஓர் அனுமானம். பைப்பெட்டில் வரும் பிழை வேகத்துக்கு விகிதசமமாக இருக்கும். கருவியின் இரைச்சல் எங்கும் ஒரே அளவாக இருக்கும். முழுக்க விகிதசமமான பிழை என்றால் உகப்புப் புள்ளிகள் இரண்டு ஓரங்களுக்கும் போய்விடும். அதாவது, அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவு, மிக உயர்ந்த செறிவு. நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும். ஆகவே முதல் தட்டிலேயே 300இல் ஆறு குழிகளும் 25இல் ஆறு குழிகளும் வைத்துச் சிதறலை நேராக அளந்துவிடுங்கள். அந்த 12 குழிகளுக்கு ஆகும் 195 நானோமோல் வீண் செலவல்ல. பிறகு பொருத்தும்போது எந்தப் புள்ளிக்கு எவ்வளவு எடை என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

இறுதியாக, இரண்டு புள்ளிகளின் வழியாக எந்த வளைவையும் வரைந்துவிடலாம். உயர் செறிவில் சப்ஸ்ட்ரேட்டே நொதியைத் தடுக்கிறதா என்பது இரண்டு புள்ளிகளில் தெரியவே தெரியாது. மதிப்பீட்டாளர் கேட்கப்போவதும் இதையே. மூன்றில் ஒரு பங்கு குழிகளை மாதிரி சரிதானா என்று பார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள்; அது கணக்கில் "திறன் குறைவு" என்று வந்தாலும் பரவாயில்லை.

ஹெப்பாள்_மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. எது அருமையான பொருள் என்று இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. தடுப்பானைப் பற்றி ஒரு தொடர் கேள்வி. கேஐ மதிப்பைச் சேர்த்தால் மூன்று அளவுருக்கள் ஆகின்றன. அப்போதும் இதேபோல் எளிய விடை உண்டா? தடுப்பான் போட்டித் தடுப்பு வகை, அதாவது நொதியில் சப்ஸ்ட்ரேட் அமரும் இடத்துக்கே போட்டியிடுவது, என்பது எங்கள் எண்ணம்; ஆனால் அதை நிரூபிக்கவில்லை.

எண்ணும்எழுத்தும்:

முதலில், பொம்மசந்திராக்காரர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். செலவைக் கணக்கில் சேர்த்த உகப்பு வேறு, சேர்க்காத உகப்பு வேறு.

போட்டித் தடுப்புக்கு விடை இன்னும் அழகானது. தடுப்பான் இல்லாத இரண்டு புள்ளிகள் முன்போலவே இருக்கின்றன. மூன்றாவது புள்ளி, அதே உச்சச் செறிவு 300இல், வேகத்தைச் சரிபாதியாக்கும் அளவு தடுப்பான் சேர்த்தது. அதாவது அந்தச் செறிவுக்குரிய ஐசி50. ஆக, ஓர் உச்ச வேகம், இரண்டு அரை வேகங்கள்: ஒன்றில் சப்ஸ்ட்ரேட்டைக் குறைத்துப் பாதியாக்குகிறீர்கள், மற்றதில் தடுப்பானைக் கூட்டிப் பாதியாக்குகிறீர்கள். செங்கும் புருசோஃபும் 1973இல் தந்த தொடர்பின்படி, கேஐ 5 என்றால் 300 மைக்ரோமோலார் சப்ஸ்ட்ரேட்டில் ஐசி50 என்பது 5ஐ 4.75ஆல் பெருக்கியது, ஏறத்தாழ 24 மைக்ரோமோலார்.

உங்கள் ஆய்வக வழக்கத்தில் தடுப்பானின் நான்கு செறிவுகளிலும் எல்லாச் சப்ஸ்ட்ரேட் செறிவுகளையும் பெருக்கிக் கட்டம் போடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான மூலைகள் கேஐ பற்றி எதுவும் சொல்வதில்லை. சப்ஸ்ட்ரேட் மிகக் குறைவாகவும் தடுப்பான் மிக அதிகமாகவும் இருக்கும் மூலையில் வேகம் பூச்சியத்தை ஒட்டிக் கிடக்கும். சப்ஸ்ட்ரேட் அதிகமாகவும் தடுப்பான் சொற்பமாகவும் இருக்கும் மூலையில் தடுப்பானின் விளைவே தெரியாது.

ஆனால் இந்த மூன்று புள்ளிகளும் போட்டித் தடுப்பு என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு பயன்படுபவை. அதைச் சோதிக்க மாட்டா. அதற்கு நான்காவது நிலை ஒன்று தேவை: 52 மைக்ரோமோலார் சப்ஸ்ட்ரேட்டோடு அதே 24 மைக்ரோமோலார் தடுப்பான். போட்டித் தடுப்பு என்றால், 300இல் வேகத்தைப் பாதியாக்கிய தடுப்பான் இங்கே வேகத்தை 26 விழுக்காட்டுக்கு இறக்கிவிட வேண்டும், ஏனெனில் அதை எதிர்த்து இடம்பிடிக்கச் சப்ஸ்ட்ரேட் குறைவு. போட்டியற்ற தூய தடுப்பு (சப்ஸ்ட்ரேட் எவ்வளவு இருந்தாலும் ஒரே விகிதத்தில் தடுப்பது) என்றால் இங்கேயும் 50 விழுக்காடுதான் நிற்கும். 26க்கும் 50க்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்க்கப் பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம். இடையில் விழுந்தால் கலப்பு வகை என்று சந்தேகித்து மேலே போகலாம். மாதிரிகளைப் பிரித்தறிவதற்கென்றே அட்கின்சனும் ஃபெடரோவும் 1975இல் வேறோர் உகப்பு அளவுகோலைத் தந்தார்கள் (தமிழில் இதுவும் டி-உகப்புதான்; ஆங்கிலத்தில் முன்னது D, இது T). உங்கள் தேவைக்கு இந்த ஒரு கூடுதல் நிலையே போதும்.

பைப்பெட்_பாண்டி:

கணக்கை அறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மேசையில் நிற்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் நான்கே நிலைகளை வைத்துச் சோதனை செய்யும்போது ஒவ்வொரு நிலையும் நான்கு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

தொடர் நீர்த்தலில் ஒரு படியில் வரும் தவறு அடுத்த எல்லாப் படிகளுக்கும் தொற்றும். 52 மைக்ரோமோலார் கரைசலை 300இலிருந்து படிப்படியாக இறக்காமல், மூலக்கரைசலிலிருந்து நேராகத் தயாரியுங்கள். அதையும் இரண்டு முறை தனித்தனியாகத் தயாரித்துக் குழிகளைப் பாதிப்பாதியாகப் பிரியுங்கள். ஒரே குழாயிலிருந்து எடுத்த 24 குழிகள் அந்தக் குழாயின் செறிவைத்தான் 24 முறை அளக்கின்றன. அவற்றின் சிதறலைப் பார்த்து "பிழை மிகக் குறைவு" என்று மகிழ்வது நம் ஊர் ஆய்வகங்களில் அடிக்கடி காணும் காட்சி.

டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பான் எல்லாக் குழியிலும் ஒரே விழுக்காடாக இருக்கட்டும். 300 மைக்ரோமோலார் குழியில் 2 விழுக்காடு வந்தால், 52இலும், தடுப்பான் இல்லாத குழியிலும், நொதியே இல்லாத ஒப்பீட்டுக் குழியிலும் 2 விழுக்காடு வர வேண்டும். இல்லையேல் நீங்கள் அளப்பது தடுப்பானின் விளைவா, கரைப்பானின் விளைவா என்று சொல்ல முடியாது.

300க்கு மேல் ஒளிர்வு நேர்க்கோட்டிலிருந்து விலகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சப்ஸ்ட்ரேட்டே தூண்டும் ஒளியையும் வெளிவரும் ஒளியையும் ஓரளவு விழுங்குவதால் வரும் விளைவு இது. தயார் நிலையில் உள்ள ஏஎம்சியை ஒரே அளவில் எடுத்து, சப்ஸ்ட்ரேட் இல்லாத குழி, 52 உள்ள குழி, 300 உள்ள குழி மூன்றிலும் சேர்த்து அளவிடுங்கள். மூன்றிலும் ஒளிர்வு ஒன்றாக இல்லையென்றால் அந்த விகிதமே உங்கள் திருத்தக் காரணி. இதைச் செய்யாமல் விட்டால் 300இல் வேகம் பொய்யாகக் குறைந்து, கேஎம்மும் பொய்யாகக் குறையும். அணிக்கோவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தத் தவறு அதில் தெரியாது.

குழிகளை வரிசையாக அடுக்காமல் தட்டு முழுவதும் குலுக்கிப் போடுங்கள். ஓரக் குழிகளில் ஆவியாதல் அதிகம் என்பதால் அங்கே தாங்கல் கரைசல் மட்டும் ஊற்றி விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் 96 குழித் தட்டில் 60 குழிகள் மிஞ்சும். நொதியைப் பல்முனைப் பைப்பெட்டால் கடைசியில் சேருங்கள். முடிந்தால் அரைப்பரப்புத் தட்டு வாங்குங்கள். 50 மைக்ரோலிட்டரில் வேலை முடியும். சப்ஸ்ட்ரேட் செலவு அப்படியே பாதியாகிவிடும். மேலே நடந்த விவாதத்தில் எந்த உகப்பும் இவ்வளவு மிச்சம் தரவில்லை.

மடக்கை:

தொடக்க வேகத்தை மட்டுமே எல்லோரும் பேசுகிறீர்கள். ஒரே குழியைத் தீரும்வரை ஓடவிட்டு, முழு வளைவையும் பொருத்துகிற வழியும் இருக்கிறது. சப்ஸ்ட்ரேட் 300இலிருந்து பூச்சியம் வரை இறங்கும்போது, எல்லாச் செறிவுகளையும் அந்த ஒரு குழியே கடந்துபோகிறது. மைக்கேலிஸும் மென்டனும் 1913இல் இன்வர்டேஸை ஆராய்ந்தபோதே, விளைபொருள் நொதியைத் தடுப்பதைக் கணக்கில் எடுத்து முழு நேர வளைவையும் பகுத்தார்கள். பாடநூல்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டன. தொகையிட்ட சமன்பாட்டுக்கு லாம்பர்ட் டபிள்யூ என்னும் சிறப்புச் சார்பின் வழியாக வெளிப்படையான தீர்வை ஷ்னெல்லும் மென்டோசாவும் 1997இல் தந்தார்கள். இப்போது எந்த மென்பொருளிலும் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஒரு குழியில் எடுத்த நூறு அளவீடுகள் நூறு தனித் தரவுகள் அல்ல. அந்தக் குழியில் ஊற்றிய நொதி 3 விழுக்காடு அதிகம் என்றால் நூறு அளவீடுகளும் ஒரே பக்கம் சாயும். மென்பொருள் காட்டும் பிழை எல்லை அதனால் நம்ப முடியாத அளவுக்குக் குறுகலாக வரும். குழிகளுக்கு இடையிலான வேறுபாட்டை வைத்தே எல்லையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, உங்கள் நொதி புரோட்டியேஸ். அது தன்னையே வெட்டிக்கொள்ளக்கூடும். ஓட்டத்தின் நடுவே நொதியின் செயல்திறன் குறைந்தால், முழு வளைவுப் பொருத்தம் அந்தக் குறைவையும் கேஎம் கணக்கில் எழுதிவிடும். செல்வின் 1965இல் சொன்ன சோதனையை முதலில் செய்துவிடுங்கள்: மூன்று வேறு நொதிச் செறிவுகளில் ஓடவிட்டு, விளைபொருளை நேரத்துக்கு எதிராக வரையாமல், நேரத்தை நொதிச் செறிவால் பெருக்கிய மதிப்புக்கு எதிராக வரையுங்கள். மூன்று வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் நொதி நிலையாக இருக்கிறது. பிரிந்தால் முழு வளைவு முறையைக் கைவிட்டுத் தொடக்க வேகத்துக்குத் திரும்புங்கள். இந்தச் சோதனைக்கு 52 மைக்ரோமோலார் குழிகளே போதும்.

ஜாலஹள்ளி_ஆய்வாளர்:

இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நொதி இல்லை. செல்லுக்குள் ஒரு தூதுவர் ஆர்என்ஏ சிதையும் வேக மாறிலியை அளக்கிறேன். அதோடு அதைச் சுற்றியுள்ள சமிக்ஞைப் பாதைக்குப் பதினைந்து அளவுருக்கள் கொண்ட ஒரு மாதிரியும் கட்டிவருகிறேன். எந்த நேரங்களில் மாதிரி எடுப்பது என்பதற்கும் இந்த முறை பொருந்துமா?

மடக்கை:

பொருந்தும். முதல்படிச் சிதைவுக்கு, தொடக்க அளவும் வேக மாறிலியும் தெரியாதவை, பிழை ஒரே அளவு என்றால், உகப்பு நேரங்கள் பூச்சியமும், வேக மாறிலியின் தலைகீழும். அரையாயுள் 20 நிமிடம் இருக்கும் என்று ஊகித்தால் அது 29ஆவது நிமிடம். ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு மணி நேரம் எடுப்பவர்கள், கடைசி ஒரு மணி நேரத்தில் தொடக்க அளவின் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான மிச்சத்தைத்தான் அளந்துகொண்டிருப்பார்கள். பூச்சியத்துக்கு இறங்காமல் ஓர் அடித்தளத்தில் நின்றுவிடுகிறதா என்று பார்க்க மட்டும் ஒரு பின்னேரப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து அளவுரு மாதிரி வேறு விதமான சிக்கல். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, பிழையே இல்லாத தரவு கிடைத்தாலும் அந்த அளவுருக்களைப் பிரித்தறிய முடியுமா என்பது. முடியும் என்றால், உங்களிடம் உள்ள தரவால் முடிகிறதா என்பது அடுத்தது. இரண்டாவதற்கு, ராவேயும் அவரது குழுவினரும் 2009இல் முன்வைத்த முறை நேரடியானது: ஓர் அளவுருவை ஒரு மதிப்பில் நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் மறுபடி பொருத்தி, பொருத்தம் எவ்வளவு கெடுகிறது என்று வரைவது. ஒரு பக்கம் தட்டையாக ஓடிக்கொண்டே போனால் அந்த அளவுருவுக்கு அந்தப் பக்கம் எல்லையே இல்லை. குட்டன்குன்ஸ்டும் சகாக்களும் 2007இல் உயிர்முறைமை மாதிரிகள் 17ஐ எடுத்துப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் சில அளவுருச் சேர்க்கைகள் இறுக்கமாகவும் பல சேர்க்கைகள் மிகத் தளர்வாகவும் இருப்பதைக் கண்டார்கள். ஆகவே பதினைந்தையும் துல்லியமாக அளக்க முயலுமுன், உங்களுக்குத் தேவையான முன்கணிப்பு எந்தச் சேர்க்கையைச் சார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேற்கொண்டு பேச வேண்டுமானால் தனி இழையாகத் தொடங்குவோம். இந்த இழை மாணவியின் 2 மில்லிகிராமுக்கு உரியது.

ஹெப்பாள்_மாணவி:

எல்லோருடைய கருத்தையும் சேர்த்து ஒரு திட்டம் எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள். 100 மைக்ரோலிட்டர் குழி என்றே கணக்கிட்டிருக்கிறேன். அரைப்பரப்புத் தட்டு கிடைத்தால் மிச்சம்.

முதலில் தடுப்பான் இல்லாமல் எட்டுச் செறிவுகளில் பாதிப்பாதியாக இறங்கும் தொடர், இரண்டு இரண்டு குழிகள். இதற்கு 120 நானோமோல். இதிலிருந்து கேஎம்மின் திருத்திய ஊகமும், வளைவின் வடிவத்தில் கோளாறு ஏதும் உண்டா என்பதும் தெரியும். அதன்பின் 300இல் 12 குழிகள், 52இல் 24 குழிகள், 300உடன் தடுப்பான் 24 மைக்ரோமோலார் சேர்த்து 12, 52உடன் அதே தடுப்பான் சேர்த்து 12. முதல் கட்டத்தில் கேஎம் வேறாக வந்தால் 52ஐயும் 24ஐயும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வேன். நொதி இல்லாத ஒப்பீட்டுக் குழிகள் நான்கு. மொத்தம் 80 குழிகள், 1.1 மைக்ரோமோல். இதை முழுவதுமாக, தனியாகத் தயாரித்த இன்னொரு நொதித் தொகுதியில் திரும்பச் செய்தாலும் 1.54 மில்லிகிராமில் முடிகிறது. மிச்சம் 0.46 மில்லிகிராமை செல்வின் சோதனைக்கும் ஒளிர்வுத் திருத்தத்துக்கும் சிந்தும் இழப்புக்கும் வைத்திருக்கிறேன்.

பொம்மசந்திராக்காரர்:

நல்ல திட்டம். இரண்டு திருத்தங்கள் மட்டும். செல்வின் சோதனையையும் ஒளிர்வுத் திருத்தத்தையும் மிச்சத்துக்குத் தள்ளாமல் முதலில் செய்யுங்கள். அவை தவறினால் மற்ற 80 குழிகளுக்கும் பொருள் இல்லை. பாண்டி சொன்னபடி ஓரக் குழிகளை விட்டால் இரண்டாம் கட்டத்தின் 60 குழிகளோடு தட்டு நிறைந்துவிடும். ஒப்பீட்டுக் குழிகள் நான்கையும் முதல் கட்டத் தட்டில் மட்டும் வைத்தால் அன்றைய பின்னணி இன்றைய அளவீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே 52இல் தடுப்பான் இல்லாத 24ஐ 20ஆகக் குறைத்து, ஒப்பீட்டுக் குழிகளை அதே தட்டில் வையுங்கள்.

கட்டுரையில் எழுதும்போது கேஎம், கேஐ இரண்டையும் மடக்கை அளவுகோலில் பொருத்தி, எல்லைகளை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தாருங்கள். இவற்றின் எல்லை மேல்பக்கம் நீண்டும் கீழ்ப்பக்கம் குறுகியும் வருவதே இயல்பு என்பதால், கூட்டல் கழித்தல் குறியிட்டு ஒரே எண்ணாகத் தருவது சரியாக வராது. மதிப்பீட்டாளர் செறிவுகளின் எண்ணிக்கையைக் கேட்டால், முதல் கட்டத்தின் எட்டுச் செறிவுகளின் படத்தையும், இரண்டாம் கட்டப் புள்ளிகள் எந்தக் கணக்கில் வந்தன என்பதையும் துணைத் தகவலில் இணைத்துவிடுங்கள்.